சின்னக் கப்பலில் சூட் எடுப்பது எப்படி? பெயரை விடுங்கள், டெக் பிளானைப் பாருங்கள்

அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா அம்மாவைக் கப்பலில் அனுப்பலாமா, இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு நாமே போகலாமா என்று கேட்பவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது நிறையப் பேர். ஏஜென்டுக்குப் போன் போட்டால் சூட் (உட்காரும் இடமும் சேர்ந்த பெரிய அறை) என்பதிலேயே வெராண்டா சூட், பென்ட்ஹவுஸ் சூட், கிராண்ட் சூட், ஓனர்ஸ் சூட் என்று ஒரு பட்டியல் வரும். "ஏனுங்க, இதுல எது பெருசோ அதையே போட்டுருங்க" என்று நம்ம ஆட்கள் முடித்துவிடுகிறார்கள். பணம் வீணாவது அந்த இடத்தில்தான். பெயருக்குக் கொடுக்கும் பணத்தை, சூட் கப்பலில் எங்கே இருக்கிறது என்பதற்குக் கொடுத்தால் பாதிச் செலவில் நல்ல தூக்கம் கிடைக்கும். முதல் முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் கப்பல், அப்புறம்தான் சூட்

சொகுசுக் கப்பல்களில் சின்னது என்றால் நூறு பேரிலிருந்து 750 பேர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்ரீம் கம்பெனியின் கப்பல் ஒவ்வொன்றிலும் 112 பேர்தான். ரிட்ஸ்-கார்ல்டனின் எவ்ரிமாவில் 149 சூட், 298 பேர். சீபோர்ன் என்கோரில் சுமார் 600 பேர். சென்னை, கொச்சியிலிருந்து போகும் கார்டீலியா எம்ப்ரஸ் இந்தக் கணக்கில் வராது. அதில் 1,800 பேர் வரை ஏறலாம். சூட்டும் உண்டு, ஆனால் கூட்டமும் கச்சேரியும் பிடித்தவர்களுக்கான கப்பல் அது.

நெரிசலைத் தெரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கப்பலின் மொத்த டன் அளவை (இது எடை இல்லை, உள் கொள்ளளவு) பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். என்கோர் 40,350 டன், 600 பேர், ஆக 67. எம்ப்ரஸ் 48,500 டன்னுக்குக் கொஞ்சம் மேல், 1,800 பேர், ஆக 27. எண் கூடக் கூட லிஃப்ட்டுக்கும் சாப்பாட்டுக்கும் காத்திருப்பது குறையும்.

பெரிய கப்பலில் சூட் எடுத்தால் தனி உலகமே கிடைக்கும். எம்எஸ்சி கம்பெனியின் பல கப்பல்களில் யாட் கிளப், நார்வீஜியன் கம்பெனியின் பல கப்பல்களில் ஹேவன் என்று தனி ரெஸ்டாரண்ட், தனி நீச்சல் குளம் எல்லாம் உண்டு. எல்லா அறையும் சூட்டாகவே இருக்கும் சின்னக் கப்பலில் கதை வேறு. இருப்பதிலேயே விலை குறைந்த சூட்காரரும் ஓனர்ஸ் சூட்காரரும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சாப்பிடுவார்கள், பானங்களும் டிப்ஸும் இருவருக்கும் டிக்கெட்டிலேயே அடக்கமாக இருக்கும். சில்வர்சீ கப்பல்களில் எந்த சூட் எடுத்தாலும் பட்லர், அதாவது அறைக்கான தனி உதவியாளர், உண்டு. மேலே மேலே போகக் கொடுக்கிற பணம் பெரும்பாலும் சதுர அடிக்குத்தான் போகிறது. அதனால் விலை குறைந்த கடைசி வகை, இல்லையென்றால் அதற்கு ஒரு படி மேல், அதில் நல்ல இடம். என்னைக் கேட்டால் இவ்வளவு போதும்.

படி 2: யார் போகிறார்கள்?

வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவில் பாதிக்குள்ளேயே எலுமிச்சம்பழம் கேட்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரை வைத்துத்தான் சூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னக் கப்பலில் அலை கொஞ்சம் கூடவே தெரியும். கடலே பயம் என்றால் ஆறு இருக்கிறது. 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து கிளம்பிய கங்கா விலாஸில் 18 சூட், 36 பேர். முழுப் பயணம் திப்ருகர் வரை 51 நாள். இடையில் சின்னத் துண்டுகளாகவும் போகலாம்.

மூன்றாவது ஆள் இருந்தால் சோபா பெட் உள்ள சூட்டா என்று கேளுங்கள், பல சூட்டுகளில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. தனியாகப் போகிறவர் சில பயணங்களில் இரண்டு பேர் கட்டணம் முழுவதையுமே கட்ட வேண்டி வரும்.

படி 3: டெக் பிளான்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சைட் வாங்கப் போனால் லேஅவுட் படத்தை விரித்து வைத்து, வடக்குப் பார்த்ததா, தெருக்குத்து இருக்கிறதா, பக்கத்து மனை யாருடையது என்று கேட்காமல் நம்ம ஊரில் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கப்பல் சூட்டுக்கும் அதே புத்தி வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் டெக் பிளான், அதாவது கப்பலின் ஒவ்வொரு மாடிக்கும் (டெக்) உள்ள வரைபடம், இலவசமாகவே கிடைக்கும், பெரிய திரையில் திறந்து வையுங்கள்.

அலையில் கப்பல் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும்போது அதிகம் ஏறி இறங்குவது இரண்டு முனைகளும்தான். பக்கவாட்டில் ஆடும்போது மேல் டெக்குகள்தான் அதிகம் ஆடும். கப்பலின் ஸ்டெபிலைசர் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், தலையாட்டத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஆகவே நடுப்பகுதி, கீழ் டெக். இப்போது விலைப் பட்டியலைப் பாருங்கள்: பல கப்பல்களில் அதிக விலை சூட்டுகள் உச்சி டெக்கில், முன் முனையிலோ பின் முனையிலோ இருக்கும். அதிகக் காசு கொடுத்து அதிக ஆட்டத்தை வாங்குகிறோம்! பார்வை பிரமாதம்தான், அதை மறுக்கவில்லை. அம்மாவுக்கு மயக்கம் வந்து கட்டிலை விட்டு எழாமல் கிடந்தால் அந்தப் பார்வையை யார் பார்ப்பது?

அடுத்தது சத்தம். சூட்டுக்கு நேர் மேலே நீச்சல் குள டெக் இருந்தால் விடிகாலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே பாரோ அரங்கமோ இருந்தால் ராத்திரி டிரம்ஸ். முன் முனையில் நங்கூரச் சங்கிலி, பின் முனையில் துறைமுகத்துக்குள் கப்பல் திரும்பும்போது அதிர்வு. சின்னக் கப்பல்கள் சின்னத் தீவுகளில் நங்கூரம் போட்டுப் படகில் இறக்குவது வழக்கம் என்பதால் இந்தச் சங்கிலிச் சத்தம் ஏதோ ஒருநாள் விஷயம் இல்லை. படத்தில் உங்கள் சூட்டுக்குப் பக்கத்தில் எண் எதுவும் போடாத வெள்ளைக் கட்டம் தெரிந்தால் ஏஜென்டிடம் அது என்ன என்று கேளுங்கள். ஊழியர்கள் சாமான் வைக்கும் பேன்ட்ரியாகவோ சர்வீஸ் லிஃப்ட்டாகவோ இருக்கலாம். இரண்டு சூட்டுக்கு நடுவில் சின்ன அம்புக்குறி இருந்தால் அங்கே இணைப்புக் கதவு உண்டு. குடும்பமாக இரண்டு சூட் எடுப்பவர்களுக்கு வசதி, மற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டு டிவி.

மேலும் கீழும் சூட், இரண்டு பக்கமும் சூட், கப்பலின் நடுப்பகுதி: இப்படி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

படி 4: எந்தப் பக்கம்

கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் பயணத்தில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு வழிப் பயணம் என்றால் உலக வரைபடத்தைப் பாருங்கள். வான்கூவரிலிருந்து வடக்கே அலாஸ்கா போனால் கரை வலப்பக்கம், அதாவது ஸ்டார்போர்டு. குரோவேஷியக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கினால் கரை இடப்பக்கம், போர்ட்.

படி 5: பால்கனி, படுக்கை, பாத்ரூம்

விளம்பரத்தில் 365 சதுர அடி என்று போட்டிருந்தால் அதில் 65 பால்கனியாக இருக்கலாம். உள் அளவு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். பிரெஞ்சு பால்கனி என்றால் திறக்கிற கண்ணாடிக் கதவும் ஒரு கம்பியும்தான், நாற்காலி போட இடம் இருக்காது. சீட்ரீமில் எந்த அறைக்குமே பால்கனி கிடையாது. அண்டார்டிகா போகிறவர்கள் பால்கனிக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் கட்சி. குளிரில் நிற்க முடியாது, திமிங்கிலம் தெரிந்தால் எல்லோரும் மேல் டெக்குக்குத்தான் ஓடுவார்கள். அங்கே ஆள் எண்ணிக்கைதான் முக்கியம்: ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரை இறங்கலாம், 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே முடியாது.

நாலரை மணிக்கு எழுந்து காபி கேட்கும் அப்பாவும் எட்டு மணி வரை தூங்கும் பையனும் ஒரே சூட்டில் என்றால் திரை போட்டுப் பிரித்த அறை பத்தாது, கதவு வைத்த படுக்கையறை வேண்டும். இதற்கு மட்டும் நான் பெரிய சூட் எடுக்கச் சொல்வேன். முட்டி வலிக்காரர்களுக்கு பாத்டப்பைத் தாண்டாமல் போகும் தனி ஷவர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: புக்கிங்

"கேரண்டி" என்று விலை குறைத்து ஒன்று காட்டுவார்கள். அந்த வகையோ அதற்கு மேலோ ஏதோ ஒரு சூட் நிச்சயம் கிடைக்கும், ஆனால் எது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். படி 3-ல் பட்ட பாடு எல்லாம் போச்சு. உறுதிக் கடிதத்தில் சூட் நம்பர் அச்சாகி இருக்க வேண்டும், ஜிடிஒய் என்ற மூன்று எழுத்து இருந்தால் நம்பர் இன்னும் ஒதுக்கவில்லை என்று அர்த்தம்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அந்த மாதம் கிளம்பலாம் என்பவர்களுக்கு அலாஸ்காவும் மத்தியதரைக் கடலும் அப்போது நல்ல சீசன், விலையும் உச்சத்தில் இருக்கும், சீக்கிரமே பிடியுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள ரசீது வாங்கி வையுங்கள். கிரீஸில் ஏறி துருக்கி போய்த் திரும்ப கிரீஸ் வரும் பயணத்துக்கு ஒரு தடவை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போதாது.

சைவம், முட்டை வேண்டாம் என்பதைப் புக்கிங்கிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் எலக்ட்ரிக் குக்கரோ இஸ்திரிப் பெட்டியோ வைக்க வேண்டாம், தீ ஆபத்து என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். பருப்புப் பொடி பாக்கெட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.