மசோதாவுக்குக் கருத்து சொல்லக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு கொண்டுவரும் மசோதாக்களுக்குக் கருத்து அனுப்ப விரும்பும் இளைஞர்கள் சென்னையில் இப்போது நிறையப் பேர். அவர்கள் எழுதும் மனுக்களைப் படிக்கும்போது அதே பழைய தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தேதி விட்டுப்போவது, கையெழுத்து மறப்பது எல்லாம் தாமாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மத்திய அரசின் கொள்கையைக் கோட்டைக்குக் கொண்டுபோவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மத்திய சட்ட அமைச்சகம் 2014 பிப்ரவரியில் மற்ற அமைச்சகங்களுக்கு ஒரு கொள்கையை அனுப்பியது. மசோதா வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சட்டம் ஏன் தேவை, செலவு என்ன, வாழ்வாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் அடிப்படை உரிமைகளையும் எப்படிப் பாதிக்கும் என்று சொல்ல வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் இணையதளத்தில் போட வேண்டும். நல்ல கொள்கைதான். ஆனால் அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, மாநில அரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

அம்பத்தூர்த் தம்பி ஒருவர் மாநில மசோதா ஒன்றுக்கு எழுதிய மனு முழுக்க "30 நாள், 30 நாள்" என்றே இருந்தது. "மேற்படி கொள்கை மாநில அரசுக்குப் பொருந்தாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதற்குள் மசோதா பேரவையில் நிறைவேறிவிட்டது. அவர் சொல்ல வந்த நியாயமான விஷயத்தை யாரும் படிக்கவே இல்லை.

மாநிலத்தில் பிடிக்க வேண்டியது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய எல்லா விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது அதன் பிரிவு 4(1)(சி). இது மாநிலத் துறைகளுக்கும் பொருந்தும். வரைவின் நகல், ஆலோசனைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, யார் யாரிடம் கருத்து கேட்கப்பட்டது என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். பதில் வர 30 நாள் ஆகலாம். அதனால் அறிவிப்பு காதில் விழுந்த அன்றே எழுதுங்கள்.

12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் 24ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அரசு முன்பே கருத்து கேட்டிருந்தால் இவ்வளவு பதற்றம் தேவைப்பட்டிருக்காது.

விதியையும் மசோதாவையும் குழப்பிக்கொள்வது

மசோதா பேரவையில் நிறைவேற வேண்டியது; விதி என்பது ஏற்கெனவே உள்ள சட்டத்தின் கீழ் அரசே வகுப்பது. சில சட்டங்கள், விதி வகுக்கும் முன் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்றே சொல்கின்றன. மூலச் சட்டத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை மீறுவது சட்ட மீறல்.

வரைவைத் தமிழில் கேட்காமல் விடுவது

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வரைவை 22 மொழிகளில் தரும்படி 2020இல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. யாரோ கேட்டதால் வந்த உத்தரவு அது.

அமைச்சரவைக் குறிப்பை முதலிலேயே கேட்பது

வீண். முடிவெடுத்து, விஷயம் முடிந்த பிறகுதான் தருவார்கள்.

கடைசி நாள் இரவு மின்னஞ்சல்

வேண்டாம்.

உட்பிரிவு எண் இல்லாத கருத்து

"மக்கள் விரோதச் சட்டம்" என்று எழுதினால் அதிகாரி குறித்துக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. எந்த உட்பிரிவு, எந்தச் சொல்லை எடுக்க வேண்டும், அங்கே என்ன வர வேண்டும் என்று எழுதுங்கள். அப்புறம் ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.