கிரேக்க நாடகங்களில் தெய்வங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றாலே, தெய்வங்கள் ஆட்டிவைத்தன, மனிதர்கள் ஆடினார்கள் என்று முடித்துவிடுகிறோம். இதைவிடப் பெரிய தவறு இல்லை.

நாடகாசிரியர் சோபோக்கிளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தையே பாருங்கள். ஈடிபஸ் தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று, அப்பல்லோ தெய்வத்தின் டெல்பி கோயிலில் சொல்லப்பட்ட அருள்வாக்கு முன்பே பலித்துவிட்டது. மேடையில் நாம் காண்பது விசாரணையை. முன்னாள் மன்னனைக் கொன்றவன் யார்? பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் சொல்ல மறுக்கிறார். இதோடு விட்டுவிடு என்று அவன் மணந்த தாய் ஜொகாஸ்டா மன்றாடுகிறாள். கிழட்டு இடையனும் கெஞ்சுகிறான். ஈடிபஸ் யாருக்கும் செவிசாய்ப்பதில்லை. கடைசியில் கண்களைக் குத்திக்கொண்டு இரத்தம் வழிய வந்து நிற்பவனிடம், உன்னைத் தூண்டிய தெய்வம் எது என்று கோரஸ் (மேடையில் பாடி ஆடும் குழு) கேட்கிறது. இத்துன்பங்களைத் தந்தவன் அப்பல்லோ என்கிறான். ஆனால் கண்ணைக் குத்தியது என் கையேதான் என்று அதே மூச்சில் சொல்கிறான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் நாடகமே கைநழுவிப் போகும். அந்த அப்பல்லோ ஒரு முறைகூட மேடைக்கு வருவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

புராணக் கதைக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்று நம்புவதும் பிசகு. ஹோமரின் ஒடிசி காவியத்தில், உண்மை வெளிப்பட்ட பிறகும் ஈடிபஸ் தன் தீப்ஸ் நகரை ஆள்கிறான். நாடகாசிரியர்கள் ஒருவரையொருவர் சீண்டவும் செய்தார்கள். ஏஸ்கிலஸின் நாடகத்தில் வரும் எலெக்ட்ரா, தந்தையின் கல்லறையில் கிடந்த, தன்னுடையதைப் போன்ற மயிர்க்கற்றையையும் காலடித் தடத்தையும் கொண்டு, பிரிந்திருந்த தம்பியின் வருகையை உணர்கிறாள். பின்னர் எழுதிய யூரிபிடிஸின் எலெக்ட்ராவோ, ஆணின் பாதமும் பெண்ணின் பாதமும் எப்படி ஒரே அளவாகும் என்று அந்த அடையாளங்களையே தள்ளிவிடுகிறாள்.

தெய்வம் என்றால் நீதியும் கருணையும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கி.மு. 428-இல் அரங்கேறிய 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தில், தன்னை மதிக்காத இளைஞன் ஹிப்போலிட்டஸை அழிப்பேன் என்று காதல் தெய்வம் அப்ரோடைட்டி தொடக்கத்திலேயே அறிவிக்கிறாள். அவன் உயிராய் வழிபட்ட வேட்டைத் தெய்வம் ஆர்டெமிஸ் அதைத் தடுக்கவில்லை; ஒரு தெய்வத்தின் விருப்பத்தில் இன்னொரு தெய்வம் குறுக்கிடக் கூடாதாம். சாவைக் கண்டால் தீட்டு என்று அவன் உயிர் பிரியும் முன்பே கிளம்பியும் விடுகிறாள். தன்னைச் சபித்துக் கொன்ற தந்தை தீசியஸை மன்னிக்கிறவன் சாகும் அந்தப் பிள்ளைதான். எனக்கு இந்த நாடகத்தில் மிக உயரமான இடம் இதுவே.

இதையெல்லாம் வைத்துக் கிரேக்கர்களை நாத்திகர்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஏதென்ஸில் துன்பியல் போட்டிகள் நடந்ததே மதுவின் தெய்வமான டயோனிசஸின் விழாக்களில்தான். அப்படிப்பட்ட ஒரு விழாவில், கி.மு. 405-இல், அரிஸ்டோபேனீஸ் 'தவளைகள்' என்ற நகைச்சுவை நாடகத்தில் டயோனிசஸையே கோழையாக்கி அடிவாங்க வைத்தார். பாதாள உலகில் நடுங்கும் அந்தத் தெய்வம், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் தன் சொந்தப் பூசாரியிடம் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறது. அந்த ஆண்டு முதற்பரிசும் அந்த நாடகத்துக்கே.