கோனன் கதைகளை அச்சான வரிசையில் அடுக்குவது எப்படி?

கற்பனையான பழங்காலத்தில் ஊர் சுற்றும் வாள்வீரன் கோனனின் கதைகளை எந்த வரிசையில் படிக்கலாம் என்று தேடினால் மூன்று விதமான பட்டியல்கள் கிடைக்கும். கோனனின் வயதை வைத்து ஒன்று, அவனைப் படைத்த அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய வரிசையில் ஒன்று, இதழ்களில் அச்சான வரிசையில் ஒன்று. நான் வயது வரிசையில்தான் ஆரம்பித்தேன். நாலைந்து கதைகள் தாண்டியதும் நடை திடீரென்று மாறியது. அட்டையில் ஹோவர்ட் பெயர் பெரிதாக இருந்தது, ஆனால் நான் படித்துக்கொண்டிருந்த கதையை எழுதியது வேறு ஒருவர். அப்புறம்தான் உட்கார்ந்து பட்டியலை நானே தயாரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் நீங்களும் செய்துவிடலாம்.

படி 1: தாளைத் திறப்பது

கூகுள் ஷீட்ஸ் போதும். ஐந்து பத்திகள் வேண்டும்: மாதம், இதழ், அச்சான தலைப்பு, ஹோவர்ட் வைத்த தலைப்பு, யார் கை பட்டது. கடைசிப் பத்தி தேவையில்லை என்று இப்போது தோன்றும். நாலாவது படியில் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

மாதப் பத்தியை முதலிலேயே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தேதியை 1933-03 என்ற மாதிரி எழுதுங்கள், பூஜ்யத்தை விடாதீர்கள். பூஜ்யம் இல்லாமல் எழுதி வரிசைப்படுத்தினால் 1933 அக்டோபர் கதை ஜனவரிக்கு அடுத்ததாக ஏறி உட்கார்ந்துவிடும்.

படி 2: வியர்ட் டேல்ஸ் இதழ்கள்

ஹோவர்ட் உயிரோடு இருந்தபோது கோனனுக்கு இருந்த வீடு வியர்ட் டேல்ஸ் என்ற அமெரிக்கக் கதை இதழ்தான். ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட். அதில் வந்தவை மொத்தம் 17 கதைகள். அறிவியல் புனைகதைகளையும் மாயக்கதைகளையும் பட்டியலிடும் ஐ.எஸ்.எஃப்.டி.பி. (ISFDB) தளத்தில் ஹோவர்ட் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு கதையும் முதலில் எங்கே வந்தது என்று பாருங்கள். விக்கிப்பீடியாவைவிட எனக்கு இந்தத் தளம்தான் பிடிக்கும், ஒரே கதையின் எல்லாப் பதிப்புகளையும் தலைப்பு மாற்றத்தோடு காட்டும். சந்தேகம் வந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய இதழின் பொருளடக்கத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தொடர்கதைகளை முதல் பகுதி வந்த மாதத்தில் போடுங்கள். 'தி ஹவர் ஆஃப் தி டிராகன்' 1935 டிசம்பரில் தொடங்கி 1936 ஏப்ரல் வரை ஐந்து பகுதிகளாக வந்தது. இது 1935 கணக்கில் வரும். சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன்: 1932இல் 1, 1933இல் 5, 1934இல் 6, 1935இல் 4, 1936இல் 1. உங்கள் எண்ணிக்கை இப்படி வரவில்லை என்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

இந்த வரிசையின் அழகைப் பட்டியல் முடிந்ததும் பார்ப்பீர்கள். 1932 டிசம்பரில் வந்த முதல் கதை 'தி ஃபீனிக்ஸ் ஆன் தி ஸ்வார்ட்'. கல் (Kull) என்ற தன் பழைய நாயகனை வைத்து எழுதி விலைபோகாத ஒரு கதையைத்தான் ஹோவர்ட் அப்படி மாற்றி எழுதினார். அதில் கோனன் ஏற்கெனவே அக்விலோனியா என்ற கற்பனை நாட்டின் அரசன். எழுதுமேசையில் அமர்ந்து, அரண்மனை வரைபடங்களில் தெளிவில்லாத வடதேசங்களைத் தன் கையால் வரைந்து சேர்க்கிறான், தான் பிறந்த சிமேரியா இதோ என்று நண்பனுக்குக் காட்டுகிறான். 1933 ஜனவரியிலும் அரசன்தான். மார்ச்சில் 'தி டவர் ஆஃப் தி எலிஃபன்ட்' வருகிறது, அதே ஆள் இப்போது ஊருக்குப் புதிதாக வந்த இளம் திருடன். ஊர் சுற்றிய ஒருவன் தன் கதைகளை நினைவுக்கு வந்தபடி சொல்கிற மாதிரி எழுதுவதாக ஹோவர்டே சொல்லியிருக்கிறார். வயது வரிசையில் படித்தால் இந்தச் சுகம் போய்விடுகிறது.

(1934 செப்டம்பரில் தொடங்கும் 'தி பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்' கதையை நம் ஆட்கள் விடவே கூடாது. வெந்தியா என்ற நாட்டில் நடக்கிறது, பெயரைக் கேட்டாலே விந்தியமலைதான் நினைவுக்கு வரும். அங்கே ஆள்பவள் தேவி யஸ்மினா.)

படி 3: தலைப்புக் குழப்பம்

இது சின்ன வேலை. நாலு கதைகளை ஹோவர்ட் வைத்த பெயரிலும் இதழில் வந்த பெயரிலும் பார்ப்பீர்கள். 'ஸுதால் ஆஃப் தி டஸ்க்' இதழில் 'தி ஸ்லிதரிங் ஷேடோ' ஆனது. 'அயர்ன் ஷேடோஸ் இன் தி மூன்' 'ஷேடோஸ் இன் தி மூன்லைட்' ஆனது. 'தி சர்வன்ட்ஸ் ஆஃப் பிட்-யாக்கின்' 'ஜுவல்ஸ் ஆஃப் க்வாலூர்' என்றும், 'மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் ஸம்பூலா' 'ஷேடோஸ் இன் ஸம்பூலா' என்றும் வந்தன. இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

படி 4: 1936க்குப் பிறகு

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் மெதுவாகப் போகலாம்.

ஹோவர்ட் 1936 ஜூன் 11 அன்று, முப்பது வயதில் தற்கொலை செய்துகொண்டார். 'ரெட் நெய்ல்ஸ்' தொடரின் கடைசிப் பகுதி வந்த அக்டோபர் இதழை அவர் பார்க்கவில்லை. அவர் எழுதி முடித்து, கோனன் கதையாக அச்சாகாமல் கிடந்தவை நாலு. 'தி காட் இன் தி பௌல்' 1952இல் வந்தது. 'தி பிளாக் ஸ்ட்ரேஞ்சர்', 'தி ஃப்ராஸ்ட்-ஜயன்ட்ஸ் டாட்டர்' இரண்டும் 1953இல் வந்தன. 'தி வேல் ஆஃப் லாஸ்ட் விமன்' 1967இல் வந்தது. 17உம் 4உம் 21.

ஆனால் 1950களில் வந்த மூன்றும் எல். ஸ்ப்ரேக் டி கேம்ப் என்ற இன்னொரு எழுத்தாளர் திருத்திய வடிவங்கள். 'தி பிளாக் ஸ்ட்ரேஞ்சர்' ஹோவர்ட் எழுதியபடியே அச்சாக 1987 வரை காத்திருந்தது. ஆகவே அந்தக் கதைக்கு இரண்டு வரி போடுங்கள், ஐந்தாவது பத்தியில் வேறுபாட்டைக் குறியுங்கள்.

இன்னொரு சிக்கல், டி கேம்ப் ஹோவர்டின் வேறு நாலு சாகசக் கதைகளை எடுத்து, நாயகனைக் கோனனாக மாற்றினார். அவை 1955இல் நோம் பிரஸ் வெளியிட்ட தொகுப்பில் வந்தன. 1966இல் தொடங்கிய லான்சர் பதிப்பகத்தின் பேப்பர்பேக்குகளில் அவரும் லின் கார்ட்டரும் புதிதாக எழுதியவையும் கலந்துவிட்டன. ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவின் அட்டை ஓவியங்களோடு கோனனை ஊர் ஊராகக் கொண்டுபோனவை அந்தப் புத்தகங்கள்தான், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனாலும் பட்டியலில் அவற்றைத் தனித் தாளில் வையுங்கள். ஒரே தாளில் வைத்தால் யார் எழுத்தைப் படிக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

படி 5: புத்தகம் வாங்குவது

டெல் ரே வெளியிட்ட மூன்று தொகுதிகளை வாங்குங்கள். 2003, 2004, 2005இல் வந்தவை. திருத்தம் கலக்காத ஹோவர்டின் எழுத்து அவற்றில் இருக்கிறது. அதில் கதைகள் எழுதப்பட்ட வரிசையில் இருக்கும், அச்சான வரிசையில் அல்ல. உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டிப் படிக்க வேண்டும்.

சேர்த்தது: 'ஃப்ராஸ்ட்-ஜயன்ட்ஸ் டாட்டர்' 1934இலேயே வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். ரைட் திருப்பி அனுப்பியதும் ஹோவர்ட் நாயகன் பெயரை அம்ரா என்று மாற்றி, தி ஃபேன்டஸி ஃபேன் என்ற சிறு ரசிகர் இதழுக்குக் கொடுத்தார். 1934 மார்ச்சில் 'காட்ஸ் ஆஃப் தி நார்த்' என்று வந்தது. கதை அதேதான், கோனன் பெயர் இல்லை. என் தாளில் 1934-03 என்று ஒரு வரி சேர்த்து, கோனன் எண்ணிக்கையில் சேர்க்காமல் வேறு நிறம் கொடுத்திருக்கிறேன்.

மறுபடியும் சேர்த்தது: 'ரெட் நெய்ல்ஸ்' இரண்டாம் பகுதிக்கு எந்த மாதம் போடுவது என்று இரண்டு பேர் கேட்டார்கள். 1936 ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இதழ்தான் வந்தது. பகுதிகளைத் தனியாகக் குறிப்பதானால் 1936-08 என்று போடுங்கள்; கதையின் வரி மட்டும் முதல் பகுதி வந்த 1936-07இலேயே இருக்கட்டும்.