கூடாரத்துக்குள் மட்டும் மழை

ஜவ்வாது மலை அடிவாரத்துப் படவேடு, சம்புவராயர்களின் பழைய தலைநகர். பகலெல்லாம் ரேணுகாம்பாள் கோயில், கோட்டைமலை என்று சுற்றிவிட்டு, இரவில் நண்பரின் தோப்பை ஒட்டிய ஓடைக்கரையில் கூடாரம் போட்டோம். தை மாதம், ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் விடிந்தால் தலையணை சொதசொதவென்று நனைந்திருந்தது.

ஓட்டை என்று நினைத்துத் தையல்களில் டேப் ஒட்டினேன். பலனில்லை. அடியில் தார்ப்பாய் விரித்தேன், அதுவும் வீண். மூன்றாம் இரவு தார்ப்பாயை மேலே இழுத்து மூடினேன், இன்னும் மோசம்.

காலையில் பைக்கை எடுக்கப் போனபோதுதான் பொறி தட்டியது. வெட்டவெளியில் நின்ற பைக்கின் சீட் முழுக்கப் பனி. மாமரத்தடியில் நின்ற இன்னொரு பைக்கோ காய்ந்து கிடந்தது. அப்புறம் கூடாரத்தைப் பார்த்தேன்: தையலோரம் சொட்டில்லை, கூரையின் உட்புறம் முழுக்க ஒரே சீராக முத்து முத்தாய் நீர். வெட்டவெளியில் பைக் சீட்டைப் போலவே குளிர்ந்துபோன கூரையில் படிந்தது எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான்!

சரி என்று கூடாரத்தை மேட்டில், மாமரத்தடிக்கு மாற்றினேன். எதிரெதிர் ஜன்னல்களை ஒரு சாண் திறந்து வைத்தேன். ஈரத் துண்டுகள் வெளியே போயின. கொஞ்சம் குளிர்ந்தது, ஆனால் நான்காம் காலை தலையணையில் பொட்டு ஈரமில்லை.