ஐ20 என் லைன்: இன்ஜினைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஹூண்டாய் ஐ20 என் லைன் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி சக்தியைக் கூட்டுவது) பற்றியதாகவே இருக்கும். அடுத்தது சைலன்சர். நான் சொல்வது ஒன்றுதான்: முதல் செலவு டயருக்கு, இரண்டாவது பிரேக்குக்கு. இன்ஜினை கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் இந்தக் காரிலேயே இருக்கிறது. 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ. 120 பிஎஸ் சக்தி, 172 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 2021இல் என் லைன் வந்தபோது சாதாரண ஐ20 டர்போவிலும் இதே இன்ஜின், இதே சக்திதான். மாற்றியதெல்லாம் விறைப்பான சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்கின் கனம், பின்னாலும் டிஸ்க் பிரேக், சைலன்சரின் சத்தம். சக்தியைக் கூட்டாமலேயே ஓட்டும் சுகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நாமும் அதே வழியில் போவதுதான் நல்லது.

டயரில் தொடங்குங்கள். கம்பெனி அளவு 195/55 ஆர்16. அளவை மாற்ற வேண்டாம், தரத்தை மாற்றுங்கள். மைலேஜுக்காகச் செய்த கெட்டி ரப்பர் டயரை எடுத்துவிட்டு, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் மென்மையான டயரைப் போட்டால் வளைவு, பிரேக், மழை மூன்றிலும் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஒருவேளை 205 மில்லிமீட்டர் அகல டயர் போட ஆசை என்றால் விட்டத்தைக் கணக்குப் பாருங்கள். 195/55 ஆர்16இன் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். 205/50 ஆர்16 போட்டால் 611தான். ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் உண்மையை விட்டு இன்னும் விலகும், தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் குறையும். எந்த டயர் என்றாலும் லோட் இண்டெக்ஸும் (எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்) வேகக் குறியீடும் கம்பெனி டயருக்குக் குறையக் கூடாது. புது டயர் மாட்டிய கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பிரேக். பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் எதுவும் தேவையில்லை. நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், பெரும்பாலும் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். டாட் 5.1 ஊற்றலாம், டாட் 5 சிலிக்கான் வகை, அதைத் தொடவே வேண்டாம்.

இந்த இரண்டும் முடிந்ததும் சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். இந்தக் கார் தயாராகும் தொழிற்சாலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக்கும் இருக்கிறது. டிராக் டேயில் (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்ட விடும் நாள்) ஓட்டிப் பார்த்தால் வண்டிக்கு உண்மையில் என்ன போதவில்லை என்று தெரியும். அங்கே டயர் 30 டிகிரி சூடேறினால் காற்றழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ கூடும். அதனால் சில சுற்றுகள் முடிந்து வந்ததும் சூட்டிலேயே அளந்து குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் மறக்காமல் ஏற்றுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள், நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்.

இன்ஜின் விஷயத்தில் காசு கேட்காத ஒரு மேம்பாடு உண்டு. இது நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ. 1,500 ஆர்பிஎம்மில் ஐந்தாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது, பிஸ்டனே உடையலாம். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். இந்த அபாயத்தைக் குறைக்கும் ஏபிஐ எஸ்பி தர ஆயிலை, கம்பெனி சொன்ன கிரேடில் ஊற்றுங்கள். ஹை-ஃப்ளோ ஏர் ஃபில்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. நம் ஊர்ப் புழுதிக்குக் காகித ஃபில்டரே நல்ல காவல்.

இவ்வளவுக்குப் பிறகும் ரீமேப் வேண்டும் என்றால், சட்டத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாரண்டி போகலாம், இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகலாம். டிராக்குக்கு மட்டும் என்று ஒதுக்கிய வண்டி என்றால் பேச்சு வேறு.

அப்படிச் செய்பவர்கள் கிளட்ச்சை மனத்தில் வைத்து டார்க்கைக் கேளுங்கள். டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) மாடலில் இருப்பது ட்ரை கிளட்ச், அதாவது ஆயிலில் நனையாத உலர் வகை. கிண்டி டிராஃபிக்கில் ஊர்ந்தாலே சூடாகும் சாமான் அது. எந்தப் பெட்ரோலுக்கு மேப் எழுதுகிறார்கள் என்றும் கேளுங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிவிட்டு, அது கிடைக்காத ஊரில் சாதா பெட்ரோல் போட்டால் இன்ஜின் தட்டலை (நாக்கிங்) தடுக்க இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்கைப் பின்வாங்கும், கொடுத்த காசும் வீண். ஒரிஜினல் ஃபைலின் நகல் உங்கள் கைக்கு வந்தபின் மேப்பை ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியபின், மத்தியான வெயிலில் ஓட்டி எடுத்த டேட்டா லாகில் (இன்ஜின் அளவுகளின் பதிவு) நாக்கிங்கும் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பமும் எப்படி இருக்கின்றன என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் டியூனரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.