கருடனைப் பார்க்க ஒரு நாள்: அதியமான்கோட்டையிலிருந்து அணைக்கட்டு வரை

விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் வருகிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் கருடனுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள். பெருமாள் கோயிலில் கைகூப்பி நிற்கும் சிலையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான். மீதி, தென்பெண்ணைக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறது.

பெங்களூரு விமான நிலையம் நகரின் வடகோடியில் இருக்கிறது. ஓசூர் சாலையைப் பிடிப்பதற்குள் ஊர் முழுவதையும் கடக்க வேண்டும். விடியற்காலையில் இறங்கும் விமானமே நல்லது. ரயில்தான் வேண்டுமென்றால் தர்மபுரிக்கு டிக்கெட் எடுங்கள். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது.

காலையில் கோயில். தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் அதியமான்கோட்டை, அங்கே சென்றாயப் பெருமாள் கோயில். மண்டபத்துக் கூரையில் இராமாயண, பாரதக் காட்சிகள் பழைய வண்ண ஓவியங்களாக இருக்கின்றன. உச்சிக்கு முன்பே போய்விடுங்கள்; நடை சாத்தினால் மாலைவரை காத்திருக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கழுத்து வலித்தாலும் கண்ணால் பாருங்கள்.

போகிற வழியில் கதையைச் சொல்லிவிடுங்கள். பாம்புகளின் தாய் கத்ருவிடம் அடிமைப்பட்ட தன் தாய் விநதையை மீட்க, பாம்புகள் கேட்ட தேவலோகத்து அமுதத்தைக் கொண்டுவந்தவன் கருடன். கையில் அமுதம் இருந்தும் ஒரு துளி குடிக்கவில்லை. அதைக் கண்டு மகிழ்ந்த திருமால்தான் அவனை வாகனமாகவும் கொடியாகவும் ஏற்றார். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிப்பது அடுத்த கட்டம்: தர்ப்பைமேல் வைத்த கலசத்தை இந்திரன் தூக்கிப்போய்விட, ஏமாந்த பாம்புகள் புல்லை நக்கி நாக்குப் பிளந்துகொண்டன. என்னைக் கேட்டால், இந்த இடத்தைச் சொல்லாமல் விடுகிற பெரியவர்களுக்குக் கதை சொல்லவே தெரியாது.

பிற்பகலில் அணை. கிருஷ்ணகிரி–தர்மபுரி வழியில், கிருஷ்ணகிரிக்கு அருகிலேயே, தென்பெண்ணையின் குறுக்கே கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணை. நீர்நிலைகளை ஒட்டி வாழும் செம்பருந்தைத்தான் நம் ஊரில் கருடன் என்று கும்பிடுகிறோம். கும்பாபிஷேகத்தில் வட்டமிட்டால் கூட்டம் சிலிர்ப்பதும் இதற்காகத்தான். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம், வால் நுனி வளைவாக இருக்கும். உடல் முழுவதும் பழுப்பாக, வால் நடுவே பிளவுபட்டுத் தெரிந்தால் அது ஊர்ப்பருந்து. கழுத்து வெள்ளையைப் பார்த்த பிறகே பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இளம் செம்பருந்தும் பழுப்பாகவே இருப்பதால் அவர்களே தடுமாறுவதும் உண்டு. சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் வாக்குவாதம் குறையும். மீனோ நண்டோ கண்ணில் பட்டால் நீர்மட்டம்வரை சரிந்து, கால்களால் கவ்விக்கொண்டு, பறந்தபடியே குனிந்து தின்னும், அதைத் தவறவிடாதீர்கள்.

பறவையை வரவழைக்க இறைச்சித் துண்டு வீச வேண்டாம். காக்கையும் நாயும்தான் சேரும்.

அணையருகே மீன் வறுவல் கிடைக்கும். கோயிலை முதலில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். புரட்டாசியில் வந்திருந்தால், வீட்டுக்குப் பார்சல் கட்டுமுன் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.