ஃபோம் டொப்பர் போட்ட கட்டிலில் மின்சாரப் போர்வை

கொழும்புப் புழுக்கத்தில் மின்சாரப் போர்வையா என்று சிரிக்காதீர்கள். வெள்ளவத்தைப் பக்கம் பல வீட்டு அலுமாரிகளில் கனடாப் பெரியம்மா கொண்டுவந்த ஒன்று கிடக்கும். விடியவிடிய ஏசி ஓடும் அறையில் மூட்டுவலிக்காரர் அதைத் தேடுவார். நுவரெலியாவுக்குப் போனால் எல்லாரும் தேடுவோம்.

1. முதலில் லேபல். கனடா, அமெரிக்கச் சாமான் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுக் கரண்ட் 230. அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. வோல்ட் இரட்டிப்பை நெருங்கும்போது போர்வைக்குள் ஓடும் கம்பியின் சூடு நாலு மடங்கை நெருங்கும். ட்ரான்ஸ்போமர் பூட்டலாமே என்பார்கள். படுக்கைக்குள் வைக்கிற சாமானுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். லண்டனில் வாங்கியதென்றால் இந்தப் பிரச்சினை இல்லை.

2. மேலே போர்த்துங்கள், கீழே விரிக்காதீர்கள். டொப்பர் என்பது மெத்தைமேல் போடும் மெமரி ஃபோம் விரிப்பு. அந்த ஃபோம் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். உள்ளே முழுக்கக் காற்றறைகள். சூடு அதைத் தாண்டி இறங்காது. கீழே விரித்தால் உடம்புக்கும் ஃபோமுக்கும் நடுவே சூடு தேங்கும். சூட்டில் ஃபோம் இளகி உடம்பு புதைய, கம்பியும் மடியும். ஆகவே டொப்பர், அதன்மேல் பெட்ஷீட், பிறகு நீங்கள், கடைசியாகப் போர்வை. அதற்கும் மேலே கனமான பஞ்சுப் போர்வை வேண்டாம். மின்சாரப் போர்வையை டொப்பருக்கு அடியில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. சூடு உங்களுக்கு வராது, அடியிலேயே அடைபடும். கீழே விரிக்கவென்றே செய்த வகையை, டொப்பர், போர்வை இரண்டின் கையேடும் சம்மதித்தால் மட்டும் பாவியுங்கள்.

3. சுருக்கமில்லாமல் விரியுங்கள். ஊசி குத்தவோ, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகவோ கூடாது. பிளக் நேரே சுவர் சொக்கெட்டுக்கு. மல்டி பிளக் வேண்டாம்.

4. படுக்க முன் கொஞ்ச நேரம் போட்டுச் சூடாக்கி, நித்திரைக்குப் போகும்போது சுவிட்சை நிறுத்துங்கள். டைமர் இருந்தாலும் இதுதான் என் பழக்கம்.

5. கைக்குழந்தைக்கும், நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கும், தாங்களே சுவிட்சை நிறுத்த முடியாதவர்களுக்கும் இது வேண்டாம். சூடு ஏறுவது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் விலக முடியாது.

6. பழுப்புக் கறை, கருகிய மணம், வெளியே துருத்தும் கம்பி, இதில் ஒன்று கண்டாலும் எறிந்துவிடுங்கள். தைத்துப் பாவிக்கிற சாமான் அல்ல இது. எடுத்து வைக்கும்போது ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்டு, மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அதன்மேல் சூட்கேஸ் ஏற்றாதீர்கள்.